ஊர் மாற்றி விடப்பட்ட நாய்

நாய்களை வண்டியில் ஏற்றிப் போய் விட்டுவிட்டு வந்தவர்கள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தேனி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் அப்போதுதான் திரும்பியிருந்தோம். மகள் கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறவள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

வார்டு உறுப்பினர் எனக்கு அண்ணன் முறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் நான்கைந்து பேர். எல்லோர் சட்டையிலும் நாய் நாற்றம். ஒருவருக்கு வேட்டி கிழிந்திருந்தது.

"ஆத்தா, இனிமே நீ பயப்பட வேணாம். ஊர்ல இருந்த அம்புட்டையும் ஏத்தியாச்சு. உன் மகளக் கடிச்ச செவலையத்தான் மொதல்ல தூக்கிப் போட்டோம்."

"இவன் வேட்டியப் பாரு மதினி, அது கடைசியா ஊருக்குக் குடுத்துட்டுப் போன பரிசு" என்றார் பின்னால் நின்ற வண்டிக்காரர். சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கன கொண்டுபோய் விட்டீக அண்ணே?" என்று கேட்டேன். 

"அது எதுக்கு ஒனக்கு? திரும்பி வர முடியாத தூரத்துல."

அன்று மதியம் மருத்துவர் என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாயைக் கண்ணில் வைத்திருங்கள் என்பதுதான் அந்த வேலை.

முந்தின நாள் சனிக்கிழமை மதியம் அது நடந்தது. மகள் டியூஷன் முடிந்து வாய்க்கால் ஓரமாக வந்துகொண்டிருந்தாள். அங்கே மூன்று கறிக்கோழிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கழிவை எல்லாம் வாய்க்கால் கரையில்தான் கொட்டுவார்கள். நாய்கள் அங்கேயே கிடக்கும். செவலை நாயும் அங்கே கிடப்பதுதான். யாரையும் கடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று அது எழுந்து வந்து அவள் கையைக் கவ்வியது. கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்த பிறகுதான் விட்டது.

நான் ஊரில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது, மனு அடித்துக் கொடுப்பது. எனக்குத் தகவல் வந்து நான் கடையைப் பூட்டாமல் ஓடிவருவதற்குள் பக்கத்து வீட்டுச் சித்தி காயத்தில் காப்பித்தூளை அப்பி, தன் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். அன்பாகத்தான் செய்தார். ரத்தம் நின்றுவிட்டது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கட்டை அவிழ்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல கொழாயைத் தொறந்து சோப்பு போட்டுக் கழுவியிருக்கணும்மா. கால் மணி நேரமாவது கழுவணும். இப்படி மூடி வச்சா வெசம் உள்ளேல்ல இருக்கும்?" அவர் கழுவக் கழுவக் காப்பித்தூள் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. மகள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே நாய்க்கடி ஊசி போட்டார்கள். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், அதற்குத் தேனிக்குப் போங்கள் என்றார்கள். போனோம். போட்டார்கள். பிள்ளை துடித்துப்போனாள். மறுநாள் மதியம் அனுப்பும்போது அந்த இளம் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மீதி ஊசிகளைத் தேதி தவறாமல் போடுங்கள். நாயை அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள், சோறு போட்டு அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் அது நன்றாக இருந்தால் கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். உங்களுக்கும் நிம்மதி.

வருகிற வழியெல்லாம் அந்த நாய்க்கு என்ன போடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பால் சோறு வைக்கலாம். கோழிக்கடையில் சொல்லி ஈரல் வாங்கலாம். எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திராட்சைத் தோட்டமும் தென்னையும்தான் பிழைப்பு. மாதா கோயில் தெரு, அம்மன் கோயில் தெரு என்று பிரிந்து கிடந்தாலும் நாய் விஷயத்தில் ஊர் ஒன்றாகத்தான் இருந்தது. கிராமசபைக் கூட்டத்தில் இது வராத நாளே கிடையாது. மனுவை அடித்துக் கொடுத்தது நான்தான். முதல் மனுவில் கோழிக் கழிவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். கழிவைக் குழி வெட்டி மூடினால் பாதி நாய் தானாகக் குறையும் என்று. ஊர்ப் பெரியவர்கள் படித்துவிட்டு, "இதை எடுத்துரு ஆத்தா. கடை போட்டிருக்கது நம்ம பயலுகதானே" என்றார்கள். எடுத்துவிட்டேன். எடுக்காமல் இருந்தாலும் எதுவும் நடந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று என் போனுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். அதைக் கேட்டு ஊரே சிரிக்கும்.

கடைசியாக நடந்த கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும், அதுதான் சட்டம் என்றார்.

"புடிச்ச எடத்துலயே விடுறதுக்கு எதுக்கு சார் புடிக்கணும்?"

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டா கடிக்கிறத நிப்பாட்டிருமா சார்? எங்க ஊர்ல பண்ணிக்கிட்டவுக எல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்காக."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். பழகிய நாய் இருக்கிற தெருவுக்குள் வேற்று நாய் வராது, தடுப்பூசி போட்ட நாய் ஊருக்கு வேலி மாதிரி என்று அவர் பிறகு சொன்னது சிரிப்பில் போய்விட்டது. முறை வரும்போது வண்டி வரும், பக்கத்து ஊர்களை முடித்துவிட்டு வருவார்கள் என்றார். வண்டி வரவில்லை. என் மகளைக் கடித்ததும் ஊர் தன் வழியில் போனது.

அந்த வழி இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குரங்கு பெருகினாலும் இதுதான், நாய் பெருகினாலும் இதுதான். கொல்வதில்லை, அது பாவம். பிடித்துச் சாக்கில் கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி, வேறு ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். யாருக்கும் நோகாத வழி என்று நானும் வெகுகாலம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் வண்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். முதலில் மழுப்பினார். நான் அழுததும் சொல்லிவிட்டார்.

"மேடு ஏறிக் கேரளாப் பக்கம்தான் கொண்டுபோறதா இருந்துச்சு மதினி. செக்போஸ்ட்ல கேரளாக்காரன் நாயோட சேத்து எங்களையும் புடிச்சு ஊசி போட்டுருவான்னு பயந்துட்டோம். அதான் தேனி தாண்டிப் போயி, மயிலாடும்பாறைக்கு முன்னால ஒரு பாலம் இருக்குல்ல, அங்கன எறக்கிட்டோம்."

வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் பழம் வெட்டு நாள். வியாபாரி லாரியோடு வந்து நிற்கிறார். அதை அப்படியே தன் தம்பியிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மகளைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். நாயின் படம் ஒன்று எங்களிடம் இருந்தது. மகள் முதல் தடவையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் மாதா கோயில் வாசலில் எடுத்த படத்தில், வெள்ளைக் கவுன் போட்டு அவள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் அது படுத்திருக்கிறது. பெரிதாக்கினால் பாதி அறுந்த இடது காது தெரியும். முதுகில் பரோட்டாக் கடை எண்ணெய் பட்டு முடி போன இடமும் தெரியும்.

பாலத்துக்கு அடுத்து ஓர் ஊர். பெயர் வேண்டாம். டீக்கடையில் படத்தைக் காட்டினோம்.

"நாயத் தேடியா இம்புட்டுத் தூரம்? என்ன, ராஜபாளையமா, கோம்பையா?"

"தெரு நாய்ண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "ஏலே, இங்க வாங்கடா. தெரு நாயத் தேடி ஆள் வந்திருக்கு. படமெல்லாம் வச்சிருக்காக."

பெஞ்சில் இருந்தவர்கள் போனை வாங்கிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நாய்க்குப் பொண்ணு பாக்கவா படம்?" என்று ஒருவர் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். "என் மகளக் கடிச்சிருச்சுண்ணே. அது உசுரோட இருக்கான்னு பாக்கணும். டாக்டர் சொல்லியிருக்காக."

சிரிப்பு நின்றது. கீரைக் கட்டோடு நின்றிருந்த ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஏத்திட்டு வந்து இங்கன விட்டது நீங்கதானா? ஏன் ஆத்தா, எங்க பிள்ளைகளுக்குக் கையி காலு இல்லையா?"

நான் விடவில்லை, எனக்குத் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்காகத்தானே செய்தார்கள்.

டீக்கடைக்காரர்தான் மீட்டார். "விடு மதினி, அவுகளே நொந்து வந்திருக்காக. தம்பி, நேத்து மத்தியானம் எறக்கிட்டுப் போனாக. பொழுது சாயறதுக்குள்ள எங்க பயலுக டிராக்டர்ல ஏத்திட்டானுக. பாதி சிக்கல, ஓடிருச்சு. சிக்கினதெல்லாம் பெரியகுளம் பக்கம் மாந்தோப்புல எறக்கியாச்சு. செவலை ரெண்டு மூணு இருந்துச்சு. காதை யாரு பாத்தா?"

ஓடிய பாதியில் இருக்குமோ என்று அந்த ஊர்த் தெருக்களில் நடந்தோம். என் வீட்டுக்காரர் "தோ... தோ..." என்று கூப்பிட்டார். அவர் பெரிய மீசைக்காரர். ஊரில் சத்தம் போட்டுப் பேசாதவர். ஆள் தெரியாத ஊரில் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு "தோ... தோ..." என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். நாய்கள் வந்தன. எல்லா நாயும் வந்தது. ஒரு செவலைக்கு வலது காது அறுந்திருந்தது. அவர் படத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்து, "படத்துல எடது வலது மாறித் தெரியுமோ?" என்று என்னைக் கேட்டார். முதுகு முழுக்க முடி இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தார்.

பெரியகுளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாந்தோப்புகள் ஒன்றா இரண்டா. வேலிக்கு வேலி நின்று விசாரித்தோம். ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தவர், நேற்று இரவு புதுநாய்க் கூட்டம் வந்து தன் நாயோடு சண்டை போட்டது, டார்ச் அடித்து விரட்டினேன், தெற்கே ஓடிவிட்டன என்றார். தெற்கே போனோம். மெயின் ரோட்டில் பஞ்சர் கடைக்காரர் சொன்னார்: "காலையில ஒரு செவலை லாரியில அடிபட்டுச்சே. குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

"காது?" என்றேன்.

"தலையே இல்லக்கா."

தார் ரோட்டில் அந்த இடத்தைக் காட்டினார். மண் போட்டு மூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து அந்த மண்ணைப் பார்த்தார். அதில் பார்க்க எதுவுமில்லை. செவலை முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. செவலை முடி எல்லாச் செவலைக்கும் ஒன்றுதான்.

மறுநாளும் அவர் தனியாகப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நான் தேனியில் மருத்துவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  "ஊசி சரியாப் போட்டாச்சும்மா. மீதியையும் போடுங்க. பயப்படாதீங்க" என்றார். பயப்படத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. பயப்படாதீர்கள் என்றார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் அளந்துகொண்டே இருந்தேன்.

ஊரில் இதற்குள் பேச்சாகிவிட்டது. வார்டு உறுப்பினருக்கு வருத்தம். கடைக்கே வந்துவிட்டார். "ஊரே ஒன் பிள்ளைக்காக ஒரு நாள் வேலையை விட்டுட்டு நாயோட கட்டிப் பொரண்டுருக்கோம். நீ அதைத் திருப்பிக் கூட்டிட்டு வரப் போனியாமே?"

"கூட்டிட்டு வர இல்லண்ணே. பாக்கத்தான்." மருத்துவர் சொன்னதை எல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"சரி ஆத்தா. வெசயம் புரியுது. இதை நீ முன்னாலயே சொல்லியிருக்கணும்ல?"

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரும் என்னிடம் கேட்கவில்லை என்று சொல்லவந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. சொல்லவில்லை. மாதா கோயிலில் மகளுக்காகப் பூசை வைக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அம்மன் கோயில் தெரு.

அடுத்த வாரமே ரேஷன் கடை முன்னால் புது நாய்கள் தென்பட்டன. கறுப்பு ஒன்று, புள்ளி போட்டது இரண்டு, நொண்டிக்கொண்டு ஒன்று. எந்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்து இறக்கினார்களோ. எங்கள் ஊர் நாய்களையாவது எங்களுக்குத் தெரியும். எது குட்டி போட்டிருக்கிறது, எது பைக்கைத் துரத்தும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இவற்றை யாருக்கும் தெரியாது. இரவெல்லாம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. வாய்க்கால் கரையில் கழிவு எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. மறுபடி கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து பேசினேன். ஏற்றிவிட வேண்டாம், இருக்கிறதற்கு ஊசி போடச் சொல்லிக் கேட்போம், கழிவை மூடுவோம், கடித்த நாயைக் கட்டிவைப்போம் என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிள்ளையைக் கடிகொடுத்தவள் என்பதால் யாரும் கேலி செய்யவில்லை. நான் உட்கார்ந்ததும், "அப்ப வண்டிய இந்த ஞாயித்துக்கெழமையே சொல்லிருவமா?" என்று யாரோ கேட்டார்கள்.

அடுத்த ஊசிக்குப் போனபோது எங்கள் செவிலியர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "அந்த நாயி தானா வந்து கடிச்சிச்சா, இல்ல பிள்ளை எதுவும் சீண்டுச்சா? சீண்டினாக் கடிக்கிறது நாய்க்குச் சகஜம்தான். சும்மா இருக்கையில வந்து கடிச்சாத்தான் வெறியா இருக்குமோன்னு நாங்க கூடக் கொஞ்சம் யோசிப்போம்."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலையானது. கல் எறிந்தாயா? குட்டியைத் தூக்கினாயா? பை இடித்ததா? சோறு தின்றுகொண்டிருந்ததா? மகள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். "நான் ஒண்ணுமே செய்யலம்மா. சும்மா நடந்து வந்தேன்." நன்றாக யோசித்துச் சொல் என்பேன். சாப்பிடும்போது கேட்பேன், தலை பின்னும்போது கேட்பேன். பிள்ளை தப்பு செய்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தாயை மாதா எப்படி எடுத்துக்கொள்வாளோ. அந்த நோய்க்குத் தண்ணீரும் காற்றும் ஆகாது என்பார்கள். அவள் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைப் பார்ப்பேன். ஃபேனைப் போட்டால் முகத்தைத் திருப்புகிறாளா என்று பார்ப்பேன். வேர்க்கிறது என்று அவள் ஃபேனைக் கூட்டி வைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரர் ஒரு நாள் சத்தம் போட்டார். "பிள்ளைய நோயாளி ஆக்கிராத." பிறகு அவரும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொன்னதைப் பார்த்தேன்.

பத்து நாளும் எப்போதோ கடந்துவிட்டது. ஊசிகள் எல்லாம் முடிந்தன. கட்டைப் பிரித்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இந்த நோய் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்று ஒரு நாள் கடையில் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டேன். அதற்குப் பிறகு தேடுவதில்லை.

போன வாரம் காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மா, நான் அதோட வாலை மிதிச்சிட்டேன்."

"எதோட வாலை?"

"செவலையோட. தெரியாமத்தான். அதுக்கு வலிச்சிருக்கும்ல, அதான் கடிச்சிருச்சு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நெசமாவா? ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீ திட்டுவேன்னு."

"எந்தக் காலால மிதிச்ச?"

ஒரு நிமிடம் தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். "இந்தா, இது" என்று வலது காலை நீட்டினாள். ஷூ போட்டிருந்த கால். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அது மிதித்த காலா என்று காலைப் பார்த்தால் தெரியுமா? முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சையில் சரியான விடை சொன்னோமா என்று டீச்சரைப் பார்க்கிறதுபோல.

"சரித்தா" என்றேன். "இனிமே பாத்து நட."

தலையாட்டினாள். தெருமுனையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். கேட்டுக்கு வெளியே கறுப்பு நாய் படுத்திருந்தது. சற்றுத் தள்ளி நின்று, அதன் வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, சுற்றிக்கொண்டு போனாள்.